பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது: கல்லூரி ஆசிரியர்களிடம் பணிச்சூழல், நிர்வாகம் பற்றிக் கருத்துக் கேட்பது எப்படி

கேள்வி இதுதான்: தருமபுரி மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் சங்கக் கிளை, பணிச்சூழல் பற்றியும் நிர்வாகம் நடக்கும் விதம் பற்றியும் எல்லா ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்க நினைக்கிறது. போன முறை கூகுள் படிவம் அனுப்பினார்கள். பாதிப் பேர் நிரப்பவே இல்லை. நிரப்பியவர்களும் எல்லாவற்றுக்கும் 'பரவாயில்லை' என்று போட்டுவிட்டார்கள். நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் 'பெயர் கேட்கவில்லை என்றாலும் யார் என்று தெரிந்துவிடும்' என்கிறார்கள். இந்த முறை உருப்படியாகச் செய்ய என்ன வழி?

கௌரவ விரிவுரையாளர்கள் சொல்வது சரி. அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். நூறு பேர் வேலை செய்யும் கல்லூரியில் மறைய மாட்டார். படிவத்தின் முதல் பக்கத்தில் துறை, பாலினம், பணி அனுபவம், பதவி என்று நான்கு கேள்வி வைத்தாலே போதும். 'இயற்பியல், பெண், 10 ஆண்டுக்கு மேல், கௌரவ விரிவுரையாளர்' என்றால் அந்தக் கல்லூரியில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் பெயரை எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே பின்னணிக் கேள்விகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். முதலாவது பணி வகை: நிரந்தரம், கௌரவம். சுயநிதிப் பிரிவு இருந்தால் அதுவும். இரண்டாவது துறைக் கூட்டம்: மொழிகள், கலை மற்றும் வணிகம், அறிவியல் என்று மூன்றாகத் திரட்டிய பிரிவு. பாலினத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் துறையை விட்டுவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு யாரையும் நம்பச் சொல்ல முடியாது.

வெளியிடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் அச்சிடக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கௌரவ விரிவுரையாளர் 38 பேர் பதில் தந்தார்கள், மொழிகள் 14, கலை மற்றும் வணிகம் 21, அறிவியல் மறைக்கப்பட்டது என்று போட்டால், மீதி 3 என்று எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். அந்த மூவரும் அறிவியல் கட்டடத்தில் அடையாளம் தெரிந்தவர்கள். அப்படி வந்தால் மறைக்காதீர்கள், சேர்த்துவிடுங்கள்: மொழிகள் 14, மற்றவை 24. முடிந்தது.

கூகுள் படிவத்துக்கு வருவோம். அதில் தவறு பெரும்பாலும் அமைப்பில்தான் இருக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் படிவம் உருவாக்கினால், அந்தக் கணக்கின் நிர்வாகி யாரோ அவரிடம் சாவி இருக்கிறது என்று பொருள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பைப் போட்டால் உள்நுழையச் சொல்லும். மின்னஞ்சலைச் சேகரிக்காவிட்டாலும், தன் முகவரியைத் திரையில் பார்த்தவர் அதற்குப் பிறகு உண்மையை எழுத மாட்டார். இதைவிட மோசமானது பதில் தாளில் தானாகவே விழும் நேரக் குறிப்பு. வாட்ஸ்அப் குழுவில் 11 மணிக்கு இணைப்பு போகிறது, 11.20க்கு ஒரு பதில் விழுகிறது. அந்த நேரத்தில் வகுப்பில்லாமல் இருந்தவர் யார் என்று கால அட்டவணையே சொல்லிவிடும். இணையத்தில்தான் செய்வோம் என்றால் சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் தனிக் கணக்கில் உருவாக்குங்கள். உள்நுழைவைக் கேட்காதீர்கள். நேரக் குறிப்பு நெடுவரிசையை அழித்து, வரிசைகளைக் கலைத்த பிறகே தாளை வேறு யாருக்கும் தாருங்கள்.

உங்கள் கல்லூரி அளவுக்கு நான் தாளைத்தான் சொல்வேன். அதற்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழகிய ஒரு முறை கையில் இருக்கிறது: தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் போடும் தபால் வாக்கு. உள் உறை 13பி, வெளி உறை 13சி, இடையில் 13ஏ உறுதிமொழி. அதே தத்துவம். கருத்துப் படிவத்தில் எண் எதுவும் இருக்கக் கூடாது. அதை வெற்று உள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். வெளி உறையில் மட்டும் பெயர், கையெழுத்து. வெளி உறைகளை முதலில் திறந்து, பட்டியலில் பெயரை அடித்து, உள் உறைகளைப் பிரிக்காமல் ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்க வேண்டும். பட்டியல் முழுவதும் முடிந்து வெளி உறைகளை அப்புறப்படுத்திய பிறகே உள் உறைகளைத் திறக்க வேண்டும். ஒருவர் இரண்டு முறை போடுவதும் நடக்காது, எது யாருடையது என்பதும் தெரியாது. இதை விளக்க அரை மணி நேரக் கூட்டம்கூடத் தேவையில்லை, 'தபால் ஓட்டு மாதிரி' என்றால் போதும்.

கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பதால் முதன்மைப் படிவம் முழுக்க டிக் அடிப்பதாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே நீலப் பேனாவையும் படிவத்தோடு கொடுத்துவிடுங்கள். விரிவாக எழுத விரும்புகிறவர்களுக்குத் தனித்தாள், தட்டச்சு செய்தால் நல்லது. அந்தத் தாளில் வந்ததை அறிக்கையில் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். நம் பக்கம் இதில் கூடுதல் கவனம் தேவை. அரூர்க்காரர் எழுதும் தமிழும், தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர் எழுதும் தமிழும் இரண்டு வரியில் தெரிந்துவிடும். சொன்ன பொருளை உங்கள் சொற்களில் மாற்றி எழுதுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் நடந்த சம்பவம் என்றால், அவரே வந்து அனுமதி தராதவரை விட்டுவிடுங்கள்.

எண்ணுகிறவர்கள் உங்கள் கல்லூரிக்காரர்களாக இருக்கக் கூடாது. வேறு மாவட்டத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் இருவர் கிடைத்தால் மிக நல்லது. இருவரும் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். மூலப் படிவங்களை யார் வைத்திருப்பார், எத்தனை நாள், எப்போது எரிப்பார் என்பதைப் படிவத்தின் மேலேயே அச்சிடுங்கள். அறிக்கை வந்த 30ஆம் நாள், மூவர் முன்னிலையில் என்று தெளிவாக. பின்னால் நிர்வாகம் 'மூலப் படிவங்களைக் காட்டுங்கள்' என்று கேட்கும், நிச்சயம் கேட்கும். அன்றைக்கு வாக்குவாதம் செய்து புண்ணியமில்லை. முன்பே அச்சிட்ட வரியைக் காட்டலாம்.

இனி என்ன கேட்பது. இங்கேதான் பெரும்பாலான கருத்துக் கேட்பு வீணாகிறது.

'உங்களுக்குப் பணிச்சுமை அதிகமா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் எந்த அதிகாரியிடமும் பேச முடியாது. கருத்தோடு கணக்கும் சேர்ந்து வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாள். நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. உங்கள் ஆட்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் எதில் செலவழிக்கிறார்கள் என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பேச்சு நகரும்.

அதற்கு இரண்டு வார வேலைக் குறிப்பு ஒன்று போதும். ஒரு வாரத்துக்கு ஒரு ஏ4 தாள், ஆறு நாளுக்கு ஆறு வரி, ஆறு பத்தி (நெடுவரிசை): வகுப்பு, செய்முறை, தயாரிப்பும் திருத்தலும், ஆராய்ச்சியும் மாணவர் வழிகாட்டலும், அலுவலகமும் தரவுப் பதிவும், பயணம். கால் மணி நேரத்துக்குத் திருத்தமாக, அன்றன்று இரவே எழுத வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் எல்லாக் கட்டத்திலும் முழு எண்கள் வந்து நிற்கும், அது நினைவல்ல, ஊகம். செய்முறை மணிகளைத் தனியாகவே வைத்திருங்கள். அதை வகுப்பு மணியாக எப்படி மாற்றுவது என்பதில் எப்போதும் தகராறு வரும், மாற்றாமல் கொடுத்தால் யாரும் மறுக்க முடியாது. வாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நேர்மை வேண்டும். அகமதிப்பீட்டுத் தேர்வு வாரத்தை எடுத்தால் 'வேண்டுமென்றே எடுத்தார்கள்' என்பார்கள். ஆகஸ்ட் கடைசி அல்லது பிப்ரவரி நடுவில் ஒரு சாதாரண இரண்டு வாரம் சரியாக இருக்கும்.

தரவுப் பதிவு என்ற பத்தியை ஒதுக்காதீர்கள். யூமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு ஆதார், வங்கிக் கணக்கு சரிபார்ப்பது, நான் முதல்வன் வகுப்புப் பதிவு, உயர்கல்வி ஆய்வுக்கான ஆண்டுத் தரவு, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்கான ஆண்டறிக்கை, சேர்க்கைக் கலந்தாய்வு என்று இது வளர்ந்துகொண்டே போகிறது. இவற்றில் பல மாணவர்களுக்கு உண்மையிலேயே பயன் தருபவை, குறிப்பாக முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களில். அதனால்தான் யார் செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்தர் பணியிடம் காலியாக இருப்பதால் ஆசிரியர் செய்கிறாரா, அல்லது அது ஆசிரியர் வேலையே தானா? கேள்வியை இப்படிப் பிரித்தால் பதில் நேராக 'எழுத்தர் பணியிடத்தை நிரப்புங்கள்' என்ற கோரிக்கையாகிவிடும்.

பயணப் பத்தியும் நம் ஊருக்குத் தேவை. சேலத்தில் குடும்பத்தை வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகத் தருமபுரிக்கு வருகிறவர்கள், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிறவர்கள், தருமபுரியிலிருந்து பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி வரை பேருந்தில் போகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் முதல் மணி போய்விடும். பிற்பகலில் நடக்கும் இரண்டாம் சுழற்சி வகுப்பு முடிந்து கிளம்பும் பெண் ஆசிரியர்களுக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பது பணிச்சூழல் கேள்விதான். 'பயணம் சிரமமா?' என்று கேட்க வேண்டாம். 'கடைசி வகுப்பு முடிந்து எத்தனை நிமிடம் கழித்து உங்களுக்குப் பேருந்து?' என்று கேளுங்கள். அந்த எண்ணை வைத்துக் கால அட்டவணையை மாற்றக் கேட்கலாம், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் கடிதம் எழுதலாம்.

மணிகளைத் தொகுக்கும்போது சராசரி ஏமாற்றும். ஒன்பது பேரின் அலுவலக மணிகள் 3, 3, 4, 4, 5, 5, 6, 7, 30 என்று வைத்துக்கொள்வோம். அந்த 30, நாக் பொறுப்பாளருடையது. சராசரி 7.4 வரும், ஆனால் ஒன்பதில் எட்டுப் பேர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் எண், 5. இடைநிலையைக் கொடுத்து, 'ஒருவருக்கு மட்டும் 30' என்பதைத் தனி வரியாக எழுதுங்கள், அவர் சம்மதித்தால். அந்த ஒருவரின் நிலைமையே ஒரு தனிக் கோரிக்கை.

கௌரவ விரிவுரையாளர்களுக்கான பகுதி தனியாக இருக்க வேண்டும், அவர்கள் எண்ணிக்கை நிரந்தர ஆசிரியர்களைவிட அதிகமாக இருக்கும் கல்லூரியில் அதுவே முக்கியமான பகுதி. 2019 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வழிகாட்டுதல், தகுதி பெற்ற கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்கிறது. இங்கே நடப்பு என்ன என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், மே மாதம் சம்பளமில்லாத 11 மாத ஏற்பாடும் தெரியும். ஆகவே 'சம்பளம் போதுமா' என்று கேட்டு ஒரு கேள்வியை வீணாக்காதீர்கள். கடந்த ஆறு மாதமும் சம்பளம் எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் விழுந்தது என்று கேளுங்கள், பாஸ்புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். தாமதம் என்பது கருத்து, தேதி என்பது சான்று. தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி நாட்களுக்குத் தனியாக ஏதாவது கிடைத்ததா, மகப்பேறு விடுப்பு கேட்டவருக்கு என்ன பதில் சொல்லப்பட்டது, எழுத்துமூலம் ஏதாவது உறுதிமொழி வாங்கப்பட்டதா என்பவையும் வேண்டும். மீள்நியமனம் பேசப்படும் மே, ஜூன் மாதங்களில் இந்தப் படிவத்தை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், எழுதச் சொல்வதும் நியாயமில்லை.

சுயநிதிக் கல்லூரியில் இதைச் செய்கிறவர்கள் வளாகத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை, வேறு ஊரில் செய்ய வேண்டும். அங்கே கேட்க வேண்டியவை வேறு: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்திருக்கிறதா, வங்கியில் போட்ட சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பிக் கேட்கிறார்களா, மாணவர் சேர்க்கைக்குக் கிராமம் கிராமமாகப் போக வேண்டிய நாள்கள் எத்தனை, ஆளுக்கு இத்தனை என்று இலக்கு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடித்தம் கணக்கில் உண்மையில் ஏறியிருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு வைப்பு நிதிக் கணக்கின் யூஏஎன் பாஸ்புத்தகமே விடை சொல்லும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது சட்டக் கடமை. பணிக்கொடைச் சட்டம் ஆசிரியர்களுக்கும் 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் என்ற 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது. தனியார் கல்லூரி ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதையே ஒரு கேள்வியாக வைக்கலாம். 1976ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது.

நிர்வாகம் பற்றிய கேள்விகளில் ஒரே ஒரு விதி: ஆளைக் கேட்காதீர்கள், நடைமுறையைக் கேளுங்கள். 'முதல்வர் நன்றாக நடத்துகிறாரா?' என்று கேட்டால் அது முதல்வருக்கு எதிரான வாக்கெடுப்பாகப் பார்க்கப்படும், அடுத்த நாளே வேலை நின்றுவிடும். அவர் மாற்றலாகிப் போனதும் அறிக்கையும் செத்துவிடும். பதிலாக இப்படிக் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில் கல்லூரிக் கவுன்சில் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு உங்கள் பார்வைக்கு வந்ததா? உங்கள் துறைக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு என்று தெரியுமா? கால அட்டவணை இறுதியாகும் முன் உங்களிடம் கேட்டார்களா? பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவின் தலைவர் யார் என்று தெரியுமா? பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு பாடத்தை மாற்றியபோது வரைவு உங்களுக்கு எத்தனை நாள் முன்பு வந்தது? விடைத்தாள் திருத்தியதற்கான தொகை எத்தனை மாதம் கழித்து வந்தது?

இவற்றுக்கு 'ஆம்', 'இல்லை'யோடு 'தெரியாது' என்ற கட்டம் கட்டாயம் வேண்டும். 'நடுநிலை'யும் 'தெரியாது'ம் ஒன்றல்ல. சேர்த்து வைத்தால் நிர்வாகத்தைப் பற்றிய மிக முக்கியமான செய்தியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். உள்ளகப் புகார் குழு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது என்றால், அந்தக் குழு நன்றாகச் செயல்படுகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பாலியல் தொல்லை நடந்ததா என்று இந்தப் படிவத்தில் கேட்காதீர்கள். புகார் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குழுவிடம் எழுத்தில், பொதுவாக மூன்று மாதத்துக்குள் தரப்பட வேண்டியது. படிவத்தில் எழுதிவிட்டதால் புகார் கொடுத்தாகிவிட்டது என்று யாராவது நினைத்துக் காலம் கடந்துவிட்டால் அந்தப் பாவம் உங்களுடையது. குழுவிடம் எப்படிப் போவது என்பதைப் படிவத்தின் கடைசியில் நான்கு வரி அச்சிடுங்கள்.

கேள்விகளைக் கல்லூரி, பல்கலைக்கழகம், அரசு என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் வரம்பில் வருகின்றன. தேர்வும் பாடத்திட்டமும் அங்கே, பணியிடமும் சம்பளமும் சென்னையில், கால அட்டவணையும் கழிப்பறையும் உங்கள் வளாகத்தில். துணைவேந்தர் நியமன அதிகாரம் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், மே மாதம் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடையும் வந்து, ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் அதைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. முக்கியமான விஷயம்தான், துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகத்தில் கோப்புகள் தேங்கும். ஆனால் அதைப் பற்றி ஒரு கேள்விக்கு மேல் வைத்தால், படிவம் முழுக்க அரசியல் சண்டையாகி, வளாகத்தில் நாளைக்கே சரிசெய்யக்கூடிய பத்து விஷயங்கள் காணாமல் போய்விடும்.

மொத்தம் 25 முதல் 30 கேள்வி, 12 நிமிடத்தில் முடிய வேண்டும். 'ஊதியமும் பணிச்சூழலும் திருப்தியா?' என்பது போல ஒரே கேள்விக்குள் இரண்டைத் திணிக்காதீர்கள். வேறு கல்லூரி ஆசிரியர் ஐந்து பேரிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்ட இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

எண்ணி முடித்ததும் எல்லோரையும் ஒரே சதவீதத்தில் கலக்காதீர்கள். நிரந்தரம் 41 பேரில் 19 பேரும், கௌரவம் 55 பேரில் 38 பேரும் பதில் தந்ததாக வைத்துக்கொள்வோம். 'குறையை முதல்வரிடம் நேரில் சொல்ல முடிகிறது' என்பதற்கு நிரந்தரத்தில் 15 பேரும், கௌரவத்தில் 9 பேரும் ஆம் என்கிறார்கள். கலந்தால் 57இல் 24, அதாவது 42 சதவீதம். அந்த எண் யாருடைய அனுபவமும் இல்லை. ஒரு பக்கம் 79, மறுபக்கம் 24, அதுதான் அந்தக் கல்லூரி. நிரந்தரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதிலே தரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், அவர்கள் சார்பில் பேச உங்களுக்கு எண் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் சதவீதமே வேண்டாம், '7இல் 5' என்று எழுதினால் போதும்.

அறிக்கை எட்டுப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதலில் முதல்வருக்கும் அகத் தர உறுதிப் பிரிவுக்கும் கொடுத்து, அந்தப் பிரிவின் கூட்டப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். நாக் மதிப்பீட்டின் ஆறாவது அளவுகோல் நிர்வாகமும் தலைமையும்தான், ஆகவே அவர்களுக்கும் இது தேவைப்படும் தாள். பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட பகுதி பதிவாளருக்கும் ஆட்சிக்குழுவில் ஆசிரியர் பிரதிநிதியாக இருப்பவருக்கும், அரசு சம்பந்தப்பட்ட பகுதி தருமபுரி மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் போகட்டும். மூன்று இடத்திலும் பெறுகை முத்திரை வாங்குங்கள். பத்திரிகைக்கு நேரே கொடுக்காதீர்கள். அரசு கல்லூரி நிரந்தர ஆசிரியர்களை 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன, தனி ஆள் பெயரில் பேட்டி வந்தால் விளக்கக் குறிப்பாணை அவருக்குத்தான் வரும்.

கருத்தைக் காகிதத்தோடு ஒப்பிட ஒரு வழியும் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, கவுன்சில் கூட்டம் நடந்த தேதிகள் எவை என்று 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதில் 30 நாளில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. படிவம் அச்சுக்குப் போகும் வாரத்திலேயே இந்த மனுவையும் அனுப்பிவிடுங்கள், எண்ணி முடிக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கையில் இருக்கும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கோரிக்கைகளை அட்டவணையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'யார் செய்ய வேண்டும்' என்ற பத்தியோடு போடுங்கள். பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் என்றால் முதல்வர், விடைத்தாள் திருத்திய தொகை என்றால் தேர்வாணையர், எழுத்தர் பணியிடம் என்றால் கல்லூரிக் கல்வி இயக்ககம். ஆறு மாதம் கழித்து அதே அட்டவணையில் 'நடந்தது, நடக்கவில்லை' என்ற பத்தியைச் சேர்த்து எல்லா ஆசிரியருக்கும் மறுபடி கொடுங்கள், படிவம் நிரப்பாதவர்களுக்கும் சேர்த்து.